பள்ளிக்கூடம் எரிந்துவிட்டது: சுவரை வைத்துக்கொள்வதா, இடித்துவிடுவதா?

முற்றத்து வெயில்:
காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. ஊரில் இருக்கும் அரசு உதவி பெறும் தொடக்கப்பள்ளி ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டில்தான் நடக்கிறது. நடுவில் முற்றம், தேக்கு உத்தரத்துக்கு மேலே நாட்டு ஓடு, பின்கட்டில் பிற்பாடு போட்ட ஒரு கான்கிரீட் அறை. போன வாரம் ராத்திரி மீட்டர் பெட்டிப் பக்கம் பற்றிய தீயில் இரண்டு வகுப்பறையும் அலுவலக அறையும் போய்விட்டன. பிள்ளைகள் இல்லாத நேரம், அந்த மட்டும் தெய்வம் காப்பாற்றியது. இப்போது ஒரு ஒப்பந்தக்காரர் வந்து, மொத்தத்தையும் இடித்துத் தருகிறேன், கூலி வேண்டாம், மரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். நிர்வாகத்தில் பாதிப் பேர் சரி என்கிறார்கள். நான் படித்த பள்ளிக்கூடம், மனசு கேட்கவில்லை. என்ன செய்யலாம்?

சுண்ணாம்புக் காளவாய்:
கையெழுத்து மட்டும் போட்டுவிடாதீர்கள் அண்ணே. காரைக்குடியில் பழைய வீட்டுச் சாமான் விற்கும் முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு ஒரு நடை போய்ப் பழைய தேக்கு என்ன விலை என்று விசாரித்துவிட்டு அப்புறம் பேசுங்கள். பருத்த உத்தரம் மேலே கரியானதும் அந்தக் கரியே சூடு உள்ளே போகாமல் தடுக்கும், அரை மணி நேரம் எரிந்தாலும் ஒரு அங்குலம்கூடக் கரியாகாது. எங்கள் அப்பா கொத்தனார். இப்படி எரிந்த ஒரு வீட்டில் உளியை வைத்து அவர் இரண்டு தட்டுத் தட்டினார், கரி உதிர்ந்த இடத்தில் மரம் தேன் நிறத்தில் இருந்தது, எண்ணெய் வாசனைகூடப் போகவில்லை. ஆனால் சுவரில் பதிந்திருக்கும் உத்தர முனைகளை அவசியம் பாருங்கள்.

சுண்ணாம்புச் சுவர் வேறு கதை. கடுமையான சூட்டில் காரை மறுபடி நீற்றாத சுண்ணாம்பாகிவிடும், அதில் தண்ணீர் பட்டால் பொதுமி உதிரும். கட்டையால் தட்டிப் பாருங்கள், பொத்தென்று கேட்கும் இடத்தைப் பிரித்துத்தான் கட்ட வேண்டும். எனக்குப் பயமெல்லாம் அந்தக் கான்கிரீட் அறைதான். இளஞ்சிவப்பாக நிறம் மாறியிருந்தால் 300 டிகிரிக்கு மேல் சூடு பட்டிருக்கிறது என்று அர்த்தம், உள்ளே கம்பி எப்படி இருக்கிறதோ. பொறியாளர் சோதித்துச் சொல்லும்வரை அதற்குள் யாரையும் விடாதீர்கள்.

ஓய்வுபெற்ற டீச்சர்:
கட்டடத்தைப் பிறகு பார்க்கலாம் தம்பி, முதலில் பதிவேடுகள். இப்போது படிக்கும் பிள்ளைகளின் விவரம் கல்வித் துறையின் எமிஸ் கணினிப் பதிவில் இருக்கும், ஆனால் முப்பது வருஷத்துக்கு முன் படித்தவருக்குப் பிறந்த தேதிக்கு அந்தச் சேர்க்கைப் பதிவேடுதான் ஆதாரம். நனைந்த ஏடுகளை வெயிலில் போடாதீர்கள். பக்கத்துக்குப் பக்கம் வெள்ளைத்தாள் செருகி, நிழலில் மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். காவல் நிலையப் புகார் நகல், தீயணைப்புத் துறை அறிக்கை இரண்டையும் கையோடு வாங்கி வையுங்கள். நாளைக்கு எல்லாவற்றுக்கும் அதைத்தான் கேட்பார்கள்.

இன்னொன்று. 2004 ஜூலை 16, கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் போய்விட்டார்கள். அன்று நான் வகுப்பில் இருந்தேன், செய்தி வந்ததும் எங்கள் கீற்றுக் கொட்டகையை நிமிர்ந்து பார்த்தது இன்னும் நினைவில் இருக்கிறது. அழகாகக் கட்டுங்கள், ஆனால் ஒவ்வொரு வகுப்புக்கும் வெளிப்பக்கம் திறக்கிற இரண்டு கதவு வையுங்கள். செட்டிநாட்டு வீட்டில் முன்வாசலில் நுழைந்தால் பின்வாசல் நேராகத் தெரியும், அந்த வழியைத் தட்டுமுட்டுச் சாமான் போட்டு அடைக்காமல் இருந்தாலே பாதிப் பாதுகாப்பு.

ஆத்தங்குடி ரோடு:
வயரிங் முழுக்கப் புதிதாக, சமையல் தனிக் கட்டடத்தில். தரையில் ஆத்தங்குடிக் கல் என்றால் உடைந்ததை மட்டும் மாற்றலாம், அது சூளையில் சுடாத கல், கண்ணாடி மேல் வார்த்துத் தண்ணீரில் ஊறப்போடுவது, இன்றைக்கும் அதே அச்சு கிடைக்கும். பொதுப்பணித் துறைப் பொறியாளரின் உறுதிச் சான்று வரும்வரை பிள்ளைகளைப் பக்கத்தில் சமுதாயக் கூடத்திலோ கல்யாண மண்டபத்திலோ உட்காரவையுங்கள், கல்வி அலுவலரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு.

முற்றத்து வெயில்:
டீச்சர், சேர்க்கைப் பதிவேடு ஓரம் கருகி நடுப்பக்கம் பிழைத்திருக்கிறது, ஆச்சி வீட்டு இரண்டாங்கட்டில் விரித்துப் போட்டிருக்கிறோம். ஒப்பந்தக்காரரை நிறுத்தியாகிவிட்டது. நாளைக் காலை ஆசாரியைக் கூட்டிக்கொண்டு உளியோடு போகிறேன், உத்தர முனைகளைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.