மீனாட்சி மாதிரி மகள் வேண்டுமாம், அதுவும் சிவப்பாக!

மேலூர்க்காரி:
"மீனாட்சி அம்மன் மாதிரி சிவப்பாக, அடக்கமாக ஒரு மகள் பிறக்கட்டும், வீட்டில் குங்குமப்பூ பால் கொடுத்து வருகிறேன்" என்று வடக்குமாசி அண்ணன் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. மீனாட்சி எங்கே அண்ணே சிவப்பு? மரகதவல்லி என்று எதற்குக் கூப்பிடுகிறோம்? அவள் பச்சை. வயிற்றுப் பிள்ளையின் நிறம் அப்பா அம்மா வழியில் வருவது, பாலில் வராது.

வடக்குமாசி:
ஒரு அப்பன் ஆசைப்படுவதில் என்ன குற்றம்? எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கொடுக்கிறோம். அப்புறம், பச்சை என்று சாதிக்காதீர்கள். சன்னதியில் நின்று பார்த்தால் கருப்பாகத்தான் தெரிகிறது. பச்சையாக இருப்பது கையில் உள்ள கிளி.

மேலூர்க்காரி:
கருப்பு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். சிவப்பு எங்கிருந்து வந்தது? அடக்கத்துக்கும் வருகிறேன். மலயத்துவச பாண்டியன் பிள்ளை வரம் கேட்டு வேள்வி செய்தான். தீயிலிருந்து மூன்று தனங்களோடு ஒரு பெண் குழந்தை வந்தது. அவனும் அவன் ராணி காஞ்சனமாலையும் கலங்கினார்கள்தான். மகனைப் போல வளர்த்து முடிசூட்டு என்றது அசரீரி, அந்தத் தகப்பன் அப்படியே செய்தான். தடாதகை என்ற அந்தக் குழந்தைதான் நம் மீனாட்சி. கயிலை வரை படை நடத்தினாள். இதில் அடக்கம் எங்கே இருக்கிறது?

திருமங்கலத்தான்:
கயிலையில் சிவனைக் கண்டதும் நாணித் தலைகுனிந்தாளே, அதை ஏன் விட்டீர்கள்? வழக்கம்போல பாதிக் கதை. திருவிழாவில் அம்மன் பட்டாபிஷேகம் ஒன்பதாம் நாள் என்று போன சித்திரையில் சண்டை போட்டவர்தானே நீங்கள்?

மேலூர்க்காரி:
எட்டாம் நாள் என்றுதான் எழுதினேன். ஒன்பது திக்விஜயம், பத்து திருக்கல்யாணம். வேப்பம்பூ மாலை போட்டு, கிரீடம் வைத்து, அவள் கையில் செங்கோல் கொடுக்கிற ஊர் இது. இங்கே இருந்துகொண்டு அடக்கமான பெண் வேண்டும் என்கிறீர்கள். என் அத்தை மகளைக் கருப்பி, கருப்பி என்றே கூப்பிட்டு வளர்த்தார்கள். இன்றைக்கும் பவுடர் பூசாமல் கல்யாண வீட்டுக்கு வரமாட்டாள். முகம் ஒரு நிறம், காதோரம் ஒரு நிறமாக நிற்பாள். பார்க்கவே வயிறு எரியும்.

வடக்குமாசி:
என் மகளை யாரும் அப்படிக் கூப்பிடக் கூடாது என்றுதானே அம்மா பால் கொடுக்கிறேன்!

மேலூர்க்காரி:
முதலில் கூப்பிடப் போவதே உங்கள் வீட்டு ஆட்கள்தான். அவர்களிடம் பேசுங்கள்.

வடக்குமாசி:
என் வீட்டு ஆட்களைப் பற்றிப் பேச நீங்கள் யார்?

திருமங்கலத்தான்:
அண்ணே, குங்குமப்பூ எங்கே வாங்கினீர்கள்? போட்டவுடன் பால் சிவந்தால் அது சாயம். நல்ல பூ மெதுவாகத்தான் நிறம் விடும்.

வடக்குமாசி:
கீழமாசி வீதியில், எங்கள் தாத்தா காலத்துக் கடை. திருமங்கலத்திலிருந்து வந்து எனக்குச் சரக்குப் பார்க்கச் சொல்லித் தர வேண்டாம்.

திருமங்கலத்தான்:
நல்லதுக்குச் சொன்னேன். ஊரை எதற்கு இழுக்கிறீர்கள்?

மேலூர்க்காரி:
பேச்சை மாற்றாதீர்கள். அம்மன் பச்சை.

வடக்குமாசி:
கிளி பச்சை.