கார்புரேட்டர் வைத்த 1996 மாருதி 800: இ20 பெட்ரோலிலேயே ஓட்டலாமா, எல்.பி.ஜி.க்கு மாற்றலாமா?

காரைக்குடி800 (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் 1996-இல் வாங்கிய மாருதி 800 இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அவர் காலமான பிறகு மாதம் இரண்டு மூன்று முறைதான் வெளியே எடுக்கிறேன் என்றாலும் அதை விற்க எனக்கு மனம் வரவில்லை. சில மாதங்களாக ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி ஒரு நொடி திணறிவிட்டுத்தான் வேகம் பிடிக்கிறது. காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் சோக்கைக் கால்வாசி இழுத்தால் அந்தத் திணறல் மறைந்துவிடுகிறது. என்ஜின் அருகே லேசான பெட்ரோல் வாடையும் அடிக்கிறது. பெட்ரோல் பங்கில் வருவது 20 விழுக்காடு எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் என்பதால், எல்.பி.ஜி. கிட் பொருத்திவிடலாம் என்கிறார் எங்கள் மெக்கானிக். எது சரியான வழி?

பழையஎன்ஜின் (பதில்)

சோக்கை இழுத்ததும் திணறல் நிற்கிறது என்று நீங்கள் கவனித்து எழுதியதே பாதி விடையைத் தந்துவிடுகிறது. ஒரு பங்கு சுத்தமான பெட்ரோல் எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். இ20 கலவைக்கு ஏறத்தாழ 13.5. புதிய வண்டிகளில் ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து கணினி எரிபொருளைக் கூட்டிக்கொள்ளும். காற்றையும் பெட்ரோலையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது என்பதால், பழைய அளவிலேயே ஊற்றி, என்ஜினுக்கு எரிபொருள் போதாத கலவையை அனுப்புகிறது. முதலில் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், ஏனெனில் பழைய டேங்கில் படிந்த பிசினை எத்தனால் கரைத்துக்கொண்டு வந்து பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட்டை அடைத்திருக்கவும் கூடும். அதற்குப் பிறகும் திணறினால் மெயின் ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்கலாம். இப்போதுள்ள ஜெட்டின் அளவு எண் 95 என்றால் 97.5 அல்லது 100 போட்டு ஓட்டிப் பார்த்து, ஸ்பார்க் பிளக்கின் முனை வெளிறிப் போகாமல் இளம்பழுப்பாக இருக்கிறதா என்று கழற்றிப் பாருங்கள்.

பெட்ரோல் வாடையைத்தான் நீங்கள் அவசரமாகக் கவனிக்க வேண்டும். அதைச் சரிசெய்யும்வரை தயவுசெய்து வண்டியை எடுக்காதீர்கள். எத்தனாலுக்கென்று தயாரிக்கப்படாத பழைய ரப்பர் குழாய் அதை உறிஞ்சிப் பருத்து, விரலால் அழுத்தினால் கொழகொழவென்று உள்வாங்கும். கிளிப் இறுக்கிய இடத்தில் மயிரிழை போன்ற வெடிப்புகள் ஓடியிருக்கும். டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரையுள்ள எல்லாக் குழாய்களையும், பெட்ரோல் பம்பின் உள்சவ்வான டயாஃப்ரத்தையும், கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் அறையின் கேஸ்கெட்டையும் எத்தனால் தாங்கும் வகையில் மாற்றிவிடுங்கள். குழாய்க்கு வைட்டான் ரப்பர் என்று கேட்டால் கடையில் தருவார்கள்.

மைலேஜ் சற்றுக் குறைவதற்கு மருந்து கிடையாது. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. பழைய நான்கு சக்கர வண்டிகளில் 6 முதல் 7 விழுக்காடு வரை சிக்கனம் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே கணித்திருக்கிறது.

வாயுவழி (பதில்)

பத்து ஆண்டுகளுக்கு மேல் 800 ஒன்றை எல்.பி.ஜி.யில் ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். என்ஜின் அதில் மிக அமைதியாக ஓடும், ஆயிலும் விரைவில் கறுக்காது. ஆனால் அந்த வாயு வறண்டது என்பதால் என்ஜின் வால்வுகள் வந்து அமரும் இருக்கைகள் மெல்லத் தேயும். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை வால்வு இடைவெளியைப் பார்த்தே ஆகவேண்டும். கிட் உங்கள் வண்டிக்கு அங்கீகரிக்கப்பட்டதாக இருக்க வேண்டும், மாற்றத்தை ஆர்.சி.யில் பதிய வேண்டும். டிக்கியில் பாதி இடம் டேங்குக்கே போய்விடும். மாதம் மூன்று முறை எடுக்கும் வண்டியில் அந்தச் செலவு திரும்பி வராது. வீட்டுச் சமையல் சிலிண்டரிலிருந்து ஏற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அது சட்டவிரோதம், உயிருக்கும் ஆபத்து.

காரைக்குடி800

மிக்க நன்றி ஐயா. இன்று பானட்டைத் திறந்து பார்த்தேன். பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் குழாய் நீங்கள் சொன்னபடியே பருத்து, கிளிப் ஓரத்தில் ஈரம் கசிந்திருக்கிறது. எல்.பி.ஜி. எண்ணத்தை விட்டுவிட்டேன். வண்டி வாரக்கணக்கில் நிற்பதால் வேறு தொல்லை உண்டா?

பழையஎன்ஜின்

உண்டு. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். நீர் அளவு மீறினால் நீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும், பம்ப் முதலில் உறிஞ்சுவதும் அதைத்தான். டேங்கைப் பெரும்பாலும் நிரப்பியே வைத்து, வாரம் ஒருமுறையாவது இருபது கிலோமீட்டர் ஓட்டுங்கள். மழைக்காலத்தில் சந்தேகம் வந்தால், டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் கண்ணாடிப் புட்டியில் பிடித்து ஒரு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் தனிப் படலம் தெரிந்தால் ஸ்டார்ட் செய்யாமல் டேங்கை முழுவதும் வடித்துவிடுங்கள்.