செல் சுவரை வெட்டாமல் பாக்டீரியா வளர முடியுமா? வெட்டினால் ஏன் வெடிப்பதில்லை?

கவின்:
பாக்டீரியாவின் செல் சுவர் முழுக்க, சர்க்கரைச் சங்கிலிகளை அமினோ அமிலத் துண்டுகள் குறுக்கே இணைக்கும் பெப்டிடோகிளைக்கான் என்ற ஒரே வலை, உள்ளழுத்தத்தில் செல் வெடிக்காமல் காப்பதே அதுதான் என்று படித்தேன். சரி. ஆனால் நல்ல ஊட்டம் கிடைத்தால் குடல் பாக்டீரியாவான ஈ.கோலை 20 நிமிடத்தில் இரண்டாகிறதே, மூடிய வலையை எங்கேயாவது வெட்டாமல் எப்படி நீளும்? வெட்டினால் கிழிய வேண்டாமா? இன்னொன்று, சுவர் இருப்பது செல் சவ்வுக்கு வெளியே, அங்கே செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி கிடையாது. அங்கே பிணைப்புகளை உண்டாக்க ஆற்றல் எது?

வேதிப்பிரியை:
இரண்டாவது கேள்விக்கு முதலில். ஆற்றலை உள்ளேயே ஏற்றித்தான் அனுப்புகிறது. இரண்டு சர்க்கரை, ஐந்து அமினோ அமிலம் கொண்ட ஒரு துண்டு, 55 கார்பன் நீளமுள்ள ஒரு கொழுப்பு வாலில் பைரோபாஸ்பேட்டால் (ஆற்றல் தேங்கிய இரட்டைப் பாஸ்பேட் இணைப்பு) மாட்டப்பட்டு வெளிப்பக்கம் புரட்டப்படுகிறது. அந்தப் பைரோபாஸ்பேட் பிணைப்பு உடையும்போது சர்க்கரைச் சங்கிலி நீள்கிறது. அமினோ அமில வாலின் கடைசி இரண்டும் டி-அலனைன், அதில் கடைசியானது கழன்று விழும் ஆற்றலில் பக்கத்துச் சங்கிலியோடு குறுக்குப் பிணைப்பு உண்டாகிறது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இளமாறன்:
முதல் கேள்விக்கு: வெட்டத்தான் செய்கிறது, வெட்டியே ஆக வேண்டும். ஹைதராபாத்தின் சிசிஎம்பி (செல், மூலக்கூறு உயிரியல் மையம்) ஆய்வகத்தில் மஞ்சுளா ரெட்டி குழு 2012-ல் இதைக் காட்டியது. ஈ.கோலையில் குறுக்குப் பிணைப்புகளை வெட்டும் மூன்று நொதிகளையும் சேர்த்து நீக்கினால் புதிய பொருள் சுவரில் சேர்வதே நின்று, செல் சிதைந்துவிடுகிறது. கிழியாததற்குக் காரணம், ஒரே சமயத்தில் ஆங்காங்கே சில பிணைப்புகள் மட்டும் அறுகின்றன, சுற்றியுள்ளவை பாரத்தைத் தாங்கிக்கொள்ள, அந்த இடைவெளியில் புதுச் சங்கிலி நுழைகிறது. பேசில்லஸ் போன்ற தடித்த சுவர்க்காரர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு: உள்ளே புது அடுக்கு, வெளியே பழையது கழன்றுவிடும். அப்புறம், எல்லாமே பக்கவாட்டில் வளர்வதில்லை, காசநோய்க் கிருமி முனைகளில்தான் வளர்கிறது.

கவின்:
அப்படியென்றால் பெனிசிலின் இந்தச் சமநிலையைத்தான் குலைக்கிறதா?

வேதிப்பிரியை:
ஆமாம். அது பார்வைக்கு அந்த இரட்டை டி-அலனைன் மாதிரியே இருப்பதால் குறுக்குப் பிணைப்பு போடும் நொதி அதைப் பிடித்து, விட முடியாமல் முடங்குகிறது. வெட்டும் நொதிகள் நிற்பதில்லை. போதாக்குறைக்கு, இணைக்கப்படாத புதுச் சங்கிலிகளை செல் கட்டுவதும் சிதைப்பதுமாகப் பொருளை விரயம் செய்கிறது. அதனால்தான் வளர்ந்துகொண்டிருக்கும் பாக்டீரியாவை அது கொல்கிறது, வளர்ச்சியை நிறுத்திவிட்டவை பெரும்பாலும் தப்பிக்கின்றன. சுவரே இல்லாத மைக்கோபிளாஸ்மாவிடம் பெனிசிலினுக்கு வேலையே இல்லை.

இளமாறன்:
ஒரு சேர்க்கை. சர்க்கரைச் செறிவு அதிகமான ஊடகத்தில் வைத்துப் பெனிசிலின் கொடுத்தால் ஈ.கோலை வெடிக்காமல் உருண்டையாகி உயிரோடு இருக்கும், 1950-களிலேயே மரபியலாளர் ஜோஷுவா லெடர்பெர்க் செய்து காட்டியது. நீர்த்த ஊடகத்துக்கு மாற்றினால் உடனே வெடித்துவிடும். கொல்வது மருந்து நேரடியாக அல்ல, உள்ளழுத்தம்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.