முனைவர் பட்ட ஆய்வேட்டைத் திறந்த அணுக்கத்தில் ஏற்றினால் பதிப்புரிமை யாரிடம் இருக்கும்?

கேள்வி – ஆய்வு மாணவி, தமிழ்த்துறை

அனைவருக்கும் வணக்கம். திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் ஒப்பாரிப் பாடல்களைப் பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வேட்டை அடுத்த மாதம் சமர்ப்பிக்க இருக்கிறேன். நான்கு ஆண்டுகள் ஊர் ஊராகச் சென்று ஒலிப்பதிவு செய்த 63 பாடல்களைச் சொல் பிசகாமல் எழுதி, பாடியவர்களின் பெயர், வயது, ஊர் ஆகியவற்றோடு பின்னிணைப்பில் சேர்த்திருக்கிறேன். ஆய்வேட்டின் மின்படியை, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளை யாரும் இலவசமாகப் படிக்கும்படி திறந்த அணுக்கத்தில் வைக்கும் ஷோத்கங்கா தளத்தில் ஏற்றுவதற்கு இசைவு தரும் படிவம் ஒன்றைப் பல்கலைக்கழகத்தில் கொடுத்திருக்கிறார்கள். அதில் கையெழுத்திட்டால் ஆய்வேட்டின் மீதுள்ள உரிமை முழுவதும் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடும் என்று உடன் ஆய்வு செய்பவர்கள் சொல்கிறார்கள். ஆய்வேட்டை நூலாக வெளியிட முன்வந்த பதிப்பகமோ, இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று தயங்குகிறது. இதற்கிடையில், இரண்டாம் இயலின் பெரும்பகுதி ஓர் ஆய்விதழில் ஏற்கெனவே வெளிவந்துவிட்டது. அப்போது பதிப்புரிமையை மாற்றித் தரும் படிவத்தில் சரியாகப் படிக்காமல் கையெழுத்திட்டிருக்கிறேன். படிவத்தை நாளை மறுநாள் கொடுத்தாக வேண்டும். விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் – ஓய்வுபெற்ற பல்கலைக்கழக நூலகர்

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். காப்புரிமை என்ற சொல்லைப் பலர் கண்டுபிடிப்புகளுக்கும் நூல்களுக்கும் சேர்த்தே வழங்குவதால் குழப்பம் வருகிறது. இங்கே நாம் பேசுவது, எழுதியவருக்கு எழுதிய கணத்திலேயே பிறக்கும் பதிப்புரிமையைப் பற்றி. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 17-ஆம் பிரிவின்படி ஒரு படைப்பின் முதல் உரிமையாளர் அதை எழுதியவரே. பணி ஒப்பந்தத்தின் கீழ் வேலைக்காக எழுதப்பட்டவை போன்ற சில விலக்குகள் அப்பிரிவில் உண்டு. ஆனால் பட்டத்துக்காகப் படிக்கும் மாணவர் பல்கலைக்கழகத்தின் ஊழியர் அல்லர். சில நிறுவனங்கள் தம் அறிவுசார் சொத்துரிமை விதிகளில் வேறு நிபந்தனை வைத்திருக்கக்கூடும் என்பதால், உங்கள் சேர்க்கையின்போது கையெழுத்திட்ட தாள்களை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

ஆய்வேட்டின் மின்படியைக் கொடுப்பது உங்கள் விருப்பத்தைப் பொறுத்தது அன்று. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையிலேயே அது கட்டாயமாக்கப்பட்டது. அதன்பின் வந்த 2016, 2022 ஒழுங்குமுறைகளிலும் அப்படியே தொடர்கிறது. காந்திநகரிலுள்ள இன்ஃபிலிப்நெட் மையம் நடத்தும் ஷோத்கங்காவில் அது ஏறும். ஆனால் ஒருவர் வீட்டில் குடியிருக்க இசைவு கொடுப்பதும் வீட்டையே எழுதிக் கொடுப்பதும் ஒன்றாகிவிடாது. சட்டமும் இவற்றைத் தனித்தனியே வைத்திருக்கிறது: உரிமையை மாற்றித் தருவது 19-ஆம் பிரிவின் கீழும், பயன்படுத்த உரிமம் தருவது 30-ஆம் பிரிவின் கீழும் வருகின்றன. ஆகவே படிவத்தில் நீங்கள் தேட வேண்டியது ஒரே ஒரு வினைச்சொல்லைத்தான். ‘இசைவு அளிக்கிறேன்’, ‘உரிமம் அளிக்கிறேன்’ என்றிருந்தால் கவலை வேண்டாம். ‘பதிப்புரிமையை மாற்றித் தருகிறேன்’ என்றிருந்தால் கையெழுத்திடும் முன் ஆய்வுப் பிரிவில் எழுத்துமூலம் விளக்கம் கேளுங்கள்.

ஷோத்கங்கா தன்னிடமுள்ள ஆய்வேடுகளை, பிறர் பயன்படுத்த முன்கூட்டியே இசைவு தரும் பொது உரிமங்களான கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களுள் ‘பெயர் குறிப்பிடல், வணிக நோக்கமின்மை, அதே முறையில் பகிர்தல் 4.0’ என்னும் உரிமத்தின் கீழ் வெளியிடுகிறது. யாரும் படிக்கலாம், படியெடுக்கலாம், உங்கள் பெயரைச் சொல்லி மேற்கொண்டு ஆக்கலாம், மொழிபெயர்க்கவும் செய்யலாம். ஆனால் அதை வைத்து வணிகம் செய்யக் கூடாது, புதிதாக ஆக்கியதையும் இதே உரிமத்தில்தான் பகிர வேண்டும். இந்த உரிமத்தை ஒருமுறை கொடுத்துவிட்டால், நிபந்தனைகளை மீறாதவரிடமிருந்து அதைத் திரும்பப் பெற இயலாது என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் – பதிப்புத் துறையில் பணியாற்றுபவர்

பதிப்பகத்தின் தயக்கத்துக்கு விடை நூலகர் ஐயா சொன்னதிலேயே இருக்கிறது. வணிக நோக்கமின்மை என்ற நிபந்தனை மற்றவர்களைக் கட்டுப்படுத்துமே தவிர, உரிமையாளராகிய உங்களைக் கட்டுப்படுத்தாது. விற்பனைக்கான உரிமையை நீங்கள் ஒரு பதிப்பகத்துக்குத் தனியாகக் கொடுக்கலாம். மேலும், ஆய்வேடு அப்படியே நூலாவதில்லை. ஆய்வுச் சிக்கல், கருதுகோள், முன்னாய்வுகள் என்று நடக்கும் இயல்களை எடுத்துவிட்டுப் பாடல்களையும் பாடியவர்களையும் முன்னிறுத்தி நீங்கள் திருத்தி எழுதும் நூலை வாங்குபவர்களில் பெரும்பாலோர் ஷோத்கங்காவின் பக்கமே போகாதவர்களாகத்தான் இருப்பார்கள்.

ஒப்பந்தத்தில்தான் கவனம் வேண்டும். எந்தெந்த உரிமை, எத்தனை ஆண்டு, எந்த நிலப்பரப்பு, என்ன தொகை என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடப்படாவிட்டால் உரிமை மாற்றம் ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே என்றும், நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே என்றும் 19-ஆம் பிரிவு சொல்கிறது. உரிமையைப் பெற்றவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் ஒழிய, அவ்வுரிமை காலாவதியாகிவிடும். இதை அறியாமல், அச்சுக்கே போகாத கையெழுத்துப்படியை ஒரு பதிப்பகத்தில் கொடுத்துவிட்டு எட்டு ஆண்டுகள் காத்திருந்த ஓர் ஆசிரியரை எனக்குத் தெரியும். ஆய்வேடு திறந்த அணுக்கத்தில் இருப்பதைப் பதிப்பகம் அறியும் என்ற வரியையும் ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள்; பின்னால் மனக்கசப்பு வராது.

பதில் – நாட்டார் வழக்காற்றியல் பேராசிரியர்

மேலே இருவரும் சொன்னவை சரியானவை. ஆனால் இந்த மாணவியின் கேள்வியில் எனக்கு உறக்கத்தைக் கெடுப்பது அந்த 63 பாடல்கள்தாம். ஆய்வேட்டின் வாதமும் பகுப்பும் விளக்கமும் உங்களுடையவை. பாடல்கள் உங்களுடையவை அல்ல. உங்களுடையதல்லாத ஒன்றுக்கு நீங்கள் எந்த உரிமமும் கொடுக்க இயலாது.

ஒப்பாரியில் வழிவழியாக வரும் வரிகளும் உண்டு, பாடுபவர் தம் துயரத்திலிருந்து அந்த நேரத்தில் கட்டும் வரிகளும் உண்டு. பின்னவை அவருடைய படைப்பு. பாடியவர் என்ற முறையிலும் 38-ஆம் பிரிவு அவருக்கு நிகழ்த்துநர் உரிமை தருகிறது. சட்டத்தை விடுங்கள், ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். நான் களப்பணி செய்த காலத்தில், சாவு விழாத வீட்டுக்குள் ஒப்பாரி வைக்கக் கூடாது என்று மறுத்த ஒரு மூதாட்டி, மாலையில் என்னை ஊருக்கு வெளியே பனைமரங்களுக்கு நடுவே அழைத்துச் சென்று, முந்தானையால் வாயைப் பாதி மூடிக்கொண்டு பாடினார். கணவன் இறந்தபின் தனக்குச் சேர வேண்டிய நிலத்தை எழுதித் தராத கொழுந்தனின் பெயர் அந்தப் பாட்டில் இரண்டு முறை வந்தது. பாடி முடித்ததும், “இது ஒன்னோட இருக்கட்டும் ஐயா” என்றார். அப்போது ஆய்வேடு என்பது நூலகத்தின் மாடியில் தூசி படியும் மூன்று கட்டுப் புத்தகம். அவர் பெயரை எழுதியதில் யாருக்கும் தீங்கு நேரவில்லை. இன்று அதே பக்கத்தை அந்தக் கொழுந்தனின் பேரன் கைப்பேசியில் படித்துவிடுவான்.

ஆகவே ஒலிப்பதிவின்போது அவர்கள் தந்த சம்மதம், உலகம் முழுதும் என்றென்றைக்கும் படிக்கலாம் என்பதற்கான சம்மதமாகாது. இயன்றவரை மறுபடியும் போய்க் கேளுங்கள். பெயர் வேண்டும் என்பவருக்குப் பெயரைக் கட்டாயம் போடுங்கள், ஏனென்றால் பெயரை மறைப்பதே சிலருக்கு அநீதி. வேண்டாம் என்பவரின் பாடலில் ஆள்பெயரையும் ஊர்ப்பெயரையும் நீக்குங்கள். முழுப் பாடலையே வெளியிட வேண்டாம் என்பவருடையதை எடுத்துவிட்டு, பகுப்பாய்வுக்குத் தேவையான இரண்டு வரிகளையாவது மேற்கோளாகக் காட்டலாமா என்று கேளுங்கள். தலைப்புப் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில், இந்த உரிமம் ஆய்வாளரின் எழுத்துக்கு மட்டுமே உரியது, பின்னிணைப்பிலுள்ள பாடல்களுக்குப் பொருந்தாது, அவற்றின் உரிமை பாடியவர்களுடையது என்று தெளிவாக அச்சிடுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இத்தகைய விலக்குக் குறிப்புக்கு முழு இடமுண்டு.

பதில் – உதவிப் பேராசிரியர்

ஆய்விதழில் வந்த இயலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பதிப்புரிமையை மாற்றித் தந்துவிட்டீர்கள் என்றால், அந்தக் கட்டுரையின் வாசகத்துக்குப் பொது உரிமம் தரும் அதிகாரம் உங்களிடம் இப்போது இல்லை. ஆனால் தாம் எழுதிய கட்டுரையைத் தம் ஆய்வேட்டில் சேர்த்துக்கொள்ளப் பல ஆய்விதழ்கள் இடம் தருகின்றன. ஆசிரியர் குழுவுக்கு இன்றே மின்னஞ்சல் எழுதி இசைவு பெற்று, எந்த இதழில் எந்த ஆண்டு வந்தது என்பதை இயலின் முதற்பக்கத்தில் குறிப்பிடுங்கள். கருத்துத்திருட்டுச் சோதனையில் அந்த இயல் உங்கள் கட்டுரையோடே ஒத்துப்போய் விழுக்காட்டைக் கூட்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு கருத்துத்திருட்டுத் தடுப்பு ஒழுங்குமுறையின்படி 10 விழுக்காடு வரைதான் சிறு ஒற்றுமையாகக் கொள்ளப்படும் என்பதால், இந்த விவரத்தை நெறியாளர் மூலம் முன்கூட்டியே தெரிவித்துவிடுவது நல்லது.

இன்னொன்று. ஆய்வேட்டை யூனிகோடில் தட்டச்சு செய்திருக்கிறீர்களா? பழைய எழுத்துருக்களில் அடித்த தமிழ் ஆய்வேடுகள் ஷோத்கங்காவில் நிறைய இருக்கின்றன. திறந்துதான் இருக்கின்றன, ஆனால் ‘ஒப்பாரி’ என்று தேடினால் உள்ளிருக்கும் ஒரு வரிகூட அகப்படாது.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. படிவத்தை மறுபடியும் எடுத்துப் படித்தேன்; ‘உரிமம் அளிக்கிறேன்’ என்றுதான் இருக்கிறது. ஆய்விதழுக்கு எழுதிவிட்டேன். முழுவதும் யூனிகோடில்தான் இருக்கிறது. படிவத்தைக் கொடுத்துவிட்டு, சமர்ப்பிக்கும் நாளை மூன்று வாரம் தள்ளிவைக்க நெறியாளரிடம் கேட்டேன். பேராசிரியர் ஐயாவின் பதிலை அவரிடம் படித்துக் காட்டியதும் ஒப்புக்கொண்டார். சனிக்கிழமை முதல் ஊர்களுக்குப் போகிறேன். பாடியவர்களில் ஐந்து பேர் இப்போது உயிரோடு இல்லை. அவர்களுடைய மகள்களிடம் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டிய பிறகு கேட்கலாம் என்றிருக்கிறேன்.