எடை ஜாக்கெட் (பாரத்தின் அழுத்தத்தால் மனம் அமைதியாகட்டும் என்று எடைப் பைகள் வைத்த மேல்சட்டை) போடும் ஆட்டிசம் பிள்ளைகள்: உங்கள் அனுபவம்?

பட்டர்வொர்த் அம்மா:
பினாங்கு விமான நிலையத்தில் நடந்தது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. மகனின் ஜாக்கெட் ஸ்கேனருக்குள் போனதும் பெல்ட் நின்றுவிட்டது. உள்ளே இரும்பு மணிப் பைகள் அல்லவா, திரையில் எப்படித் தெரிந்திருக்கும் பாருங்கள்! ஓகேயூ (மாற்றுத்திறனாளி) அட்டையைக் காட்டி நான் மலாயில் விளக்கிக்கொண்டிருக்க, இவன் பாட்டுக்குப் பைகளை ஒவ்வொன்றாக உருவித் தட்டில் வரிசையாக அடுக்கினான். அதிகாரி அவன் முடிக்கும்வரை காத்திருந்து 'பாகுஸ்' (நல்லது) என்றார். அப்புறம் விமானம் ஏறும்வரை அவன் காதைப் பொத்தவே இல்லை. ஜாக்கெட்டும் போடவில்லை! எப்படி?

செந்தூல் அப்பா:
எங்களுக்குக் கோலாலம்பூர் வெயில்தான் வினை. மஸ்ஜித் ஜாமெக் எல்.ஆர்.டி. ரயில் மேடையில் மகள் கழற்றி எறிந்துவிட்டாள். ஒரு மக்சிக் (மலாய்க்கார அம்மா) அதைத் தூக்கிப் பார்த்து, 'பெராட்ன்யா!' (என்ன பாரம்!) என்று என்னை முறைத்தார், பாருங்கள், பிள்ளையைக் கொடுமைப்படுத்துகிறேன் என்றே நினைத்திருப்பார். இப்போது எடை இல்லாத, உடம்பை இறுக்கிப் பிடிக்கும் லைக்ரா பனியன்தான்.

செராஸ் அக்கா:
பட்டர்வொர்த் அம்மா, எத்தனை கிலோ என்று சொல்லவே இல்லையே? பொதுவாக உடல் எடையில் 5 முதல் 10 விழுக்காடு என்பார்கள். நாள் முழுக்கப் போடக்கூடாது, இருபது நிமிடம்போல் போட்டுக் கழற்றணும், இல்லையென்றால் உடம்பு பழகிப் பாரமே உறைக்காது. பிள்ளையே ஜிப்பைத் திறக்கத் தெரிந்திருக்கணும். எடைப் போர்வை என்றால் இன்னும் கவனம். 2008இல் கனடாவின் கியூபெக்கில், பள்ளியில் எடைப் போர்வைக்குள் சுற்றப்பட்ட ஒன்பது வயதுப் பையன் இறந்தே போனான். தலையை மூடவே கூடாது. கைக்குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். மலிவாகக் கிடைக்கிறதென்று ஆன்லைனில் வாங்காமல் முதலில் ஓ.டி.யை (தொழில்வழி சிகிச்சையாளரை) பாருங்கள். என் கதை சின்னது: தம்பி மகனுக்கு வாங்கினோம், பூனைதான் அதில் படுத்துக்கொள்கிறது.

சிறப்புக் கல்வி ஆசிரியை:
அக்கா, அந்த 5, 10 கணக்கு வழக்கத்தில் வந்தது, ஆராய்ச்சி நிரூபித்ததல்ல. ஜாக்கெட்டால் கவனம் கூடும் என்பதற்கே ஆய்வுகளில் உறுதியான ஆதாரம் இல்லை. ஆனாலும் கேட்டு வாங்கிப் போடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆட்டிசம் உள்ள அமெரிக்க விஞ்ஞானி டெம்பிள் கிராண்டின் தனக்காகச் செய்த அழுத்த இயந்திரத்தில், அழுத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் கையில்தான் இருந்தது. என் வகுப்பில் ஒருவன் ஜாக்கெட்டைத் தொடமாட்டான். இடி இடித்தால் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் போய்ச் செருகிக்கொள்வான். நானும் விட்டுவிடுவேன்.

பட்டர்வொர்த் அம்மா:
அக்கா, 22 கிலோ பையனுக்கு 1.6 கிலோ, ஓ.டி. சொன்னதுதான். தட்டில் அடுக்கியதைப் பற்றி யாராவது சொல்லுங்களேன்.