மேலத்தெரு வீடு: குடும்பக் குழு

செவ்வாய், மாலை 5.42

ராஜு: அவசரம். மவுஸ் ஓடவில்லை. அம்புக்குறி திரையின் நடுவில் நின்றுகொண்டு உதறுகிறது. அழைப்பிதழை நாளைக் காலை 10 மணிக்குள் அச்சகத்தில் கொடுக்க வேண்டும். காந்தி பார்க் பக்கத்துக் கடையில் விசாரித்தேன். லேசரா, ஆப்டிகலா என்று கேட்கிறார்கள். முரளி, எதை வாங்குவது?

லலிதா: அப்பாவின் சதாபிஷேக அழைப்பிதழா? வரைவை இன்னும் குழுவில் போடவே இல்லையே.

ராஜு: போடுவதற்குத்தான் மவுஸ் கேட்கிறேன்.

கண்ணன்: ஒயர் கழன்றிருக்கும்.

ராஜு: கழற்றி மாட்டியாயிற்று மாப்பிள்ளை. அடியில் சிவப்பு விளக்கு எரிகிறது.

முரளி: சிவப்பு விளக்கு எரிந்தால் அது ஆப்டிகல், அண்ணா. கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

கண்ணன்: ஆரம்பித்துவிட்டார்.

முரளி: அத்தான், இது தெரியாமல் கடைக்குப் போனால் தலையில் எதையாவது கட்டிவிடுவார்கள். முதலில் ஒன்று: லேசரும் ஆப்டிகல்தான். இரண்டின் அடிவயிற்றிலும் ஒரு பொடிக் கேமரா இருக்கிறது. மேசைப் பரப்பை அது நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை படம் பிடிக்கிறது. முந்தைய படத்தில் இருந்த ஒரு சொரசொரப்பு அடுத்த படத்தில் எவ்வளவு தள்ளிப் போயிருக்கிறது என்று பார்த்து, அம்புக்குறியை அந்த அளவுக்கு நகர்த்துகிறது. வேறுபாடு வெளிச்சத்தில்தான். ஒன்றில் எல்.இ.டி. விளக்கு. 1999-இல் மைக்ரோசாஃப்ட் விட்ட இன்டெலிமவுஸ் எக்ஸ்ப்ளோரருக்குப் பிறகு அது பரவியது. மற்றதில் லேசர். அது 2004-இல் லாஜிடெக்கின் எம்.எக்ஸ். 1000 வழியாகக் கடைக்கு வந்தது. அதற்கும் முன்னால், 1964-இல் எங்கெல்பார்ட் என்பவரின் யோசனைப்படி மரக்கட்டையில் செய்த

லலிதா: மரக்கட்டை வேண்டாம். குண்டு போட்ட மவுஸ் நினைவிருக்கிறதா? முரளி அந்தக் குண்டைக் கழற்றிக் கூடத்தில் உருட்டி விளையாடி, அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

முரளி: உருட்டியது நான் இல்லை, அக்கா.

ராஜு: உள்ளே உருளையில் ஒட்டிய அழுக்கை நகத்தால் சுரண்டி எடுத்தது மட்டும் நான்.

சித்ரா: இன்றைக்கும் அது ஒன்றுதான் இந்த வீட்டில் அவர் செய்த சுத்தம்.

கண்ணன்: 😂

கார்த்திக்: பெரிய மாமா, மவுஸை எந்தப் பரப்பின் மேல் ஓட்டுகிறீர்கள்?

ராஜு: தாத்தாவின் மேசைதான். கண்ணாடி போட்டது.

கார்த்திக்: அப்படியானால் மவுஸ் கெடவில்லை.

முரளி: நான் சொல்ல வந்ததும் அதுதான். கேமராவுக்கு மேசையில் சொரசொரப்பு வேண்டும். தாள், மரம், துணி எல்லாவற்றிலும் அது இருக்கிறது. தெளிந்த கண்ணாடியில் இல்லை. வெளிச்சம் கண்ணாடியைத் தாண்டிக் கீழே போய்விடுகிறது. அங்கே செருகியிருக்கும் குடும்பப் படங்கள் கேமராவுக்கு எட்டத்தில் இருப்பதால் மங்கலாகத் தெரியும். பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைக்காமல் அது திணறுகிறது.

ராஜு: இரண்டு வருடமாக அதே மேசை, அதே கண்ணாடி, அதே மவுஸ். சனிக்கிழமை வரை நன்றாக ஓடியது. அதற்கு என்ன சொல்கிறாய்?

(இரண்டு நிமிடம் யாரும் எழுதவில்லை.)

லலிதா: ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது?

சித்ரா: நான் கண்ணாடியைத் துடைத்தேன். வினிகர் விட்டு, செய்தித்தாளால். விசேஷத்துக்கு நாலு பேர் வருவார்கள், கறையாக இருந்தால் யாரைச் சொல்வார்கள்? இப்போது அதுவும் என் தப்பா?

லலிதா: யாரும் அப்படிச் சொல்லவில்லையே அண்ணி.

அப்பா: விபூதி

முரளி: என்ன அப்பா?

அப்பா: காலையில் பூசிக்கொண்டு அங்கே உட்கார்ந்துதான் பேப்பர் படிப்பேன். உதிரும்.

கார்த்திக்: தாத்தா சொல்வது சரி. கண்ணாடியில் படிந்த தூசியைத்தான் மவுஸ் இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தது. அத்தை துடைத்ததும் அதற்குக் கண் தெரியவில்லை.

ராஜு: இருங்கள்.

ராஜு: ஒரு சிட்டிகை தூவிப் பார்த்தேன். ஓடுகிறது!!

கண்ணன்: மவுஸுக்கும் பட்டை போட்டாயிற்று.

சித்ரா: துடைத்து இரண்டு நாள் முழுதாக ஆகவில்லை. அதன் மேல் விபூதியைத் தூவினாரா?

முரளி: தூவாதீர்கள் அண்ணா. அடியில் உள்ள துளைக்குள் போனால் அதுவும் தொந்தரவு. ஒரு நூலிழை சிக்கினாலே அம்புக்குறி தாவும்.

லலிதா: கண்ணாடியை எடுத்துவிட்டால் என்ன? வெறும் தேக்குப் பலகையில் ஓடும் அல்லவா?

சித்ரா: எடுக்க முடியாது லலிதா. போன மழையில் ஈரம் இறங்கிப் படங்கள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. பாட்டியின் படத்தின் ஓரத்தை நெம்பிப் பார்த்தேன், வண்ணம் உரிந்து வந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

லலிதா: என் பள்ளிப் பரிசளிப்புப் படம் இருக்கிறதா?

ராஜு: இருக்கிறது. பால் கணக்கு அட்டைக்கு அடியில்.

லலிதா: அதுதானே பார்த்தேன்.

கண்ணன்: லேசர் வாங்கினால் கண்ணாடியில் ஓடிவிடுமா? நேராகச் சொல்லுங்கள்.

முரளி: பாதி ஆம், பாதி இல்லை.

கண்ணன்: நேராகவாம்.

முரளி: வார்னிஷ் பூசிய மேசை, பளபளப்பான தாள் போன்றவற்றில் எல்.இ.டி.யைவிட லேசர் நன்றாகப் பிடிக்கும். அதன் ஒளி மிகச் சிறிய மேடு பள்ளத்தையும் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் தெளிந்த கண்ணாடியில் சாதாரண லேசரும் தடுமாறும். கண்ணாடிக்கென்றே லாஜிடெக் 2009-இல் டார்க்ஃபீல்டு என்று ஒன்று கொண்டுவந்தது. கண்ணுக்குத் தெரியாத கீறலையும் தூசியையும் வைத்தே ஓட்டிவிடும். கண்ணாடி 4 மி.மீ. கனமாவது இருக்க வேண்டும்.

ராஜு: அடிக்கோல் வைத்து அளந்தேன். 5 மி.மீ.

முரளி: அப்படியானால் ஓடும். விலை மட்டும் சில ஆயிரம்.

ராஜு: நாதஸ்வரத்துக்கு முன்பணம் கொடுத்த கையோடு சில ஆயிரத்துக்கு மவுஸா?

சித்ரா: லேசர் கண்ணைக் கெடுக்காதா? அப்பா மேசையில் குனிந்துதான் படிப்பார்.

முரளி: வலு மிகக் குறைவு அண்ணி, மேசையைப் பார்த்துத்தான் அடிக்கும். கவிழ்த்துக் கண்ணருகே வைத்து உற்றுப் பார்க்காமல் இருந்தால் போதும். பெரும்பாலும் அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி.

கார்த்திக்: ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். அடியில் விளக்கு தெரியவில்லை என்பதற்காக அது லேசர் என்று நம்பிவிட வேண்டாம். அகச்சிவப்பு எல்.இ.டி. போட்ட ஆப்டிகலும் உண்டு. பெட்டியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். என் கட்சி ஆப்டிகல்தான். துணிப் பேடில் லேசர் இழையின் உள்ளே வரை பார்த்துக் குழம்பும், ஒரே தூரத்தை வேகமாக நகர்த்தினால் ஒரு கணக்கு, மெதுவாக நகர்த்தினால் ஒரு கணக்கு என்று காட்டும். விளையாடுகிறவர்கள் அதனால்தான் ஆப்டிகல் பக்கம் திரும்பினார்கள்.

லலிதா: விளையாட்டைப் பற்றி எல்லாம் தெரியும். மறுதேர்வுக் கட்டணம் கட்டினாயா?

கார்த்திக் குழுவிலிருந்து வெளியேறினார்.

முரளி: அக்கா!

லலிதா: சோற்று நேரத்துக்கு வந்துவிடுவான்.

ராஜு: கடையில் 3200 டி.பி.ஐ. என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். கூடினால் நல்லதா?

முரளி: வேண்டவே வேண்டாம். 1000 டி.பி.ஐ. என்றால் மவுஸ் ஓர் அங்குலம் நகரும்போது அம்புக்குறி 1000 புள்ளி தாண்டும். 3200 என்றால் நீங்கள் தும்மினாலே திரையின் மறுகோடிக்குப் போய்விடும்.

கண்ணன்: ஓர் அட்டையை மவுஸுக்கு அடியில் வையுங்கள். ஒரு ரூபாய் செலவில்லை.

ராஜு: பஞ்சாங்கத்தை வைத்தேன். ஓடுகிறது.

அப்பா: பஞ்சாங்கத்தை எடு

ராஜு: எடுத்துவிட்டேன். பழைய கணக்கு நோட்டின் அட்டையைக் கிழித்து வைத்திருக்கிறேன். மேசையின் வலது பக்கத்தில்.

லலிதா: வலது பக்கத்தில் எங்கள் கல்யாணப் படம் அல்லவா இருக்கிறது?

ராஜு: ஓரமாகத்தான் வைத்தேன்.

சித்ரா: ஓரம் இல்லை. மாப்பிள்ளையின் முகத்தின் மேல்.

கண்ணன்: 25 வருடமாகப் பழகிய இடம்தான்.

ராஜு: தற்காலிகம், மாப்பிள்ளை. நாளை 10 மணி வரை. பிறகு பேடா, புது மவுஸா என்று பார்த்துக்கொள்ளலாம். இதோ வரைவு:

"...தங்கள் நல்வரவை நாடும்
ராஜு – சித்ரா
முரளி – சுதா
மற்றும் சுற்றமும் நட்பும்"

லலிதா: மறுபடியுமா?

முரளி: அண்ணா...

லலிதா: புதுமனை புகுவிழாவுக்கும் நாங்கள் சுற்றமும் நட்பும். அன்றைக்கு இடம் போதவில்லை என்றீர்கள். இன்றைக்கு?

ராஜு: இது பழைய கோப்பு, லலிதா. உன் பெயரை எழுதிக் கீழே வைத்திருக்கிறேன், இழுத்து மேலே போட வேண்டும். இழுக்கும்போது மவுஸ் விட்டுவிடுகிறது.

லலிதா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

சித்ரா: நான் படித்துவிட்டேன் லலிதா. நியாயம்தான்.

முரளி: கார்த்திக்கைத் திரும்பச் சேர்த்திருக்கிறேன்.

கார்த்திக்: மாமா, அட்டையில்கூட விட்டுவிடுகிறதென்றால் துளைக்குள் விபூதி அடைத்திருக்கும். மவுஸைக் கவிழ்த்து ஊதுங்கள்.

ராஜு: ஊதினேன்.

கார்த்திக்: ஓடுகிறதா?

சித்ரா: கண்ணில் விழுந்துவிட்டதாம். முகம் கழுவப் போயிருக்கிறார். லலிதா, பெயரை எந்த வரிசையில் போடுவது என்று என்னிடம் சொல். நான் உட்காருகிறேன்.