கோதுமை விளைச்சல்: நிலைத்தன்மையா, நிலைப்பா, திரியாமையா?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அன்புடையீர், முதுநிலை வேளாண் மாணவர்களுக்கான பாடநூலில் கோதுமை இயல் என் பொறுப்பு. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே இரகங்களைப் பல இடங்களில், பல ஆண்டுகள் விதைத்து, எதை எங்கே நம்பலாம் என்று புள்ளியியல் வழியில் காண்பதுதான் பாடம். ‘ஈல்டு ஸ்டெபிலிட்டி’ வரும் இடமெல்லாம் ‘விளைச்சல் நிலைத்தன்மை’ என்று போட்டிருந்தேன். பாதி இயல் தாண்டியதும் இடித்தது. சூழல் எப்படி மாறினாலும் விளைச்சல் அசையாதிருப்பது ஒரு பொருள். சூழலின் ஏற்ற இறக்கத்தோடு, எதிர்பார்த்த அளவே ஏறி இறங்குவது இன்னொரு பொருள். பெக்கர் என்ற ஆய்வாளர் 1981இல் இவற்றை உயிரியல் நோக்கு, உழவியல் நோக்கு என்று பிரித்தார். ஒரே தமிழ்ச்சொல் இரண்டையும் தாங்குமா?

புள்ளியியல் ஆசிரியர்:

தாங்காது. எண்ணில் பாருங்கள். மூன்று சூழல்கள், எல்லா இரகங்களின் சராசரி எக்டேருக்கு 2, 4, 6 டன். ஓர் இரகம் மூன்றிலும் 3 டன் தருகிறது. மற்றொன்று 2.5, 4.5, 6.5 தருகிறது. சூழல் சராசரிக்கு எதிரே வரைந்தால் முதலாவதன் சாய்வு 0, அடுத்ததன் சாய்வு 1. பின்லேயும் வில்கின்சனும் 1963இல் 277 வாற்கோதுமை இரகங்களை இப்படித்தான் அளந்தார்கள். அவர்கள் கணக்கில் சாய்வு குறையக் குறைய நிலைத்தன்மை கூடும். 1966இல் எபர்ஹார்ட்டும் ரஸ்ஸலும் மக்காச்சோளத்தை வைத்து, சாய்வு 1, கோட்டிலிருந்து விலகல் 0 என்றால்தான் நிலையானது என்றார்கள். 3 டன்னிலேயே நிற்கும் இரகம் அங்கே தேறாது. நல்ல நிலத்தில் பாதி விளைச்சலை இழப்பதை எந்த உழவர் விரும்புவார்?

தமிழாசிரியர்:

குறள் 124 நினைவுக்கு வருகிறது: ‘நிலையின் திரியாது அடங்கியான் தோற்றம்’. நிலை இருக்கிறது, திரிதலும் இருக்கிறது. ‘விளைச்சல் திரியாமை’ என்போம். விலகலுக்குத் ‘திரிபு’. தோன்றல், திரிதல், கெடுதல் படித்த மாணவருக்குத் திரிபு புதிதல்ல. ‘தன்மை’ என்னும் வாலும் ஒழியும். எதற்கெடுத்தாலும் தன்மை ஒட்டுவது தமிழின் இயல்பன்று.

சூழலைப் பற்றியும் ஒன்று. இந்த ஆய்வில் சூழல் என்பது ஓர் இடமும் ஓர் ஆண்டும் சேர்ந்தது. நிலமும் பொழுதும்! தொல்காப்பியர் முதற்பொருள் என்று வகுத்தது அதைத்தானே? சூழல் என்று நீர்த்துப்போன சொல் எதற்கு, ‘முதல்’ என்றே ஆளலாம். நில் என்ற வேரிலிருந்தே நிலை வந்தது, நிலமும் அதிலிருந்தே என்பது என் துணிபு. ஆகவே நிலம், நிலை, நிலைப்பு மூன்றும்...

விதை ஆய்வாளர்:

ஐயா, முதற்பொருள் பொருத்தம் உண்மையிலேயே அழகு. ஆனால் ‘முதல் 7இல் விளைச்சல் 4 டன்’ என்று அட்டவணையில் வந்தால் படிப்பவர் முதல் ஏழு வயல்கள் என்றே எண்ணுவார். திரியாமையும் வேண்டாம்; பால் திரிந்த கதையாகக் கோதுமை கெட்டுப்போனது போல் ஒலிக்கிறது.

இதைவிட எனக்குக் கவலை, சூழல் சராசரிக்கு எதிரே விளைச்சலை வரைந்து சாய்வு காணும் ‘ரெக்ரெஷன்’ முறைக்கு வழங்கும் ‘பின்னடைவு’ என்ற சொல். கால்டன் 1886இல் பெற்றோரின் உயரத்தையும் பிள்ளைகளின் உயரத்தையும் ஒப்பிட்டு, சராசரி நோக்கித் திரும்புவதைச் சொன்ன இடத்தில் அது பொருந்தியிருக்கலாம். சாய்வைக் குறித்து ‘இந்த இரகத்தின் பின்னடைவுக் கெழு 1.5’ என்றால் விளைச்சல் விழுந்துவிட்டது என்று தோன்றாதா? உண்மையில் அது வளமான சூழலில் மற்றவற்றைவிட வேகமாக உயரும் இரகம். பள்ளிநூலில் உள்ள ‘தொடர்புப் போக்கு’ போதும். இரகத்தின் விளைவையும் சூழலின் விளைவையும் பிரித்துக் காணும் ‘அம்மி’ என்ற புள்ளியியல் முறையையும் எழுத்தெழுத்தாக ஏ.எம்.எம்.ஐ. என்றே அச்சிடுங்கள், சேர்த்து எழுதினால் அரைகல்தான் கண்முன் வரும்.

மொழிபெயர்ப்பாளர்:

தொடர்புப் போக்கு, ஏற்றுக்கொண்டேன். சூழலுக்குச் சூழல் இரகங்கள் வெவ்வேறாக நடந்துகொள்வதைக் குறிக்கும் மரபுவகை–சூழல் ‘இடைவினை’யிலும் மறுப்பில்லை என்று கொள்கிறேன். ரிக்கே என்ற ஆய்வாளர் 1962இல் தந்த அளவு, மொத்த இடைவினையில் ஒவ்வோர் இரகத்துக்கும் உள்ள பங்கைச் சொல்கிறது. அதற்கு ‘இடைவினைப் பங்கு’. தலைச்சொல்லுக்கு இப்படி: பொதுவாக ‘விளைச்சல் நிலைப்பு’, அசையாததற்கு ‘மாறா நிலைப்பு’, சூழலோடு செல்வதற்கு ‘உடன்செல் நிலைப்பு’.

தமிழாசிரியர்:

‘உடன்செல்’ வினைத்தொகையாக நன்றாகவே நிற்கிறது. ஆனால் செல்வதும் நிலைப்பதும் ஒரே தொடரிலா? முரண் அல்லவா?

புள்ளியியல் ஆசிரியர்:

முரண் தமிழில் இல்லை ஐயா, கருத்திலேயே இருக்கிறது. இரண்டாவது பொருளில் நிற்பது விளைச்சல் அன்று, விளைச்சலுக்கும் சூழலுக்கும் உள்ள உறவு. அதனால்தான் அதை நிலைப்பு என்றே அழைக்கக்கூடாது என்கிறேன். ‘கணிப்புறுதி’ என்று தனிச்சொல் கொடுங்கள். மூலத்தில் ஒரே சொல் இருந்தது என்பதற்காகக் குழப்பத்தையும் சேர்த்து மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

விதை ஆய்வாளர்:

வேற்றுமொழி நூலைத் திறக்கும் மாணவர் ஒரே சொல்லைத்தான் அங்கே பார்ப்பார், அம்மா. இங்கே இரண்டும் தொடர்பற்ற சொற்களானால், ஒரு சொல்லைப் பற்றி ஆய்வாளர்கள் ஏன் இத்தனை ஆண்டுகள் வாதிட்டார்கள் என்பதே அவருக்கு விளங்காது. நிலைப்பு இரண்டிலும் இருக்கட்டும். கணிப்புறுதியை விளக்கத்தில் சேர்க்கலாம்.

மொழிபெயர்ப்பாளர்:

இன்னும் மூவர் தனியே எழுதி ‘உடன்செல் நிலைப்பு’க்கு இசைந்திருக்கிறார்கள். வேறு வாதம் ஏதும் சொல்லவில்லை, முடித்துவிடுங்கள் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். அப்படியே அனுப்புகிறேன்.

புள்ளியியல் ஆசிரியர்:

அனுப்புங்கள். என் மறுப்பு மாறவில்லை. நான் வகுப்பில் கணிப்புறுதி என்றே சொல்லப்போகிறேன்.

தமிழாசிரியர்:

நிலம் என்ற சொல்லின் வேர் பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.